வெல்டரின் இன்னொரு கண்

அந்த வட்டாரத்தில் வெல்டர் என்றால் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் இரும்பைச் சுட்டுக் கெடுக்கிறவர்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கு முழுக்குப் போட்டவர், சொந்தக் கையால் பட்டறை போட்டார். அவர் பற்றவைத்த கேட் எதுவும் இன்றுவரை விட்டுப்போனதில்லை.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலை முகம் கழுவி நிமிர்ந்தார். வலது கண்ணில் சட்டென்று கறுப்புத் திரை விழுந்தது. வலியே இல்லை.

"கண்ணு அடிச்சிருக்கு" என்றார் மனைவியிடம். வெல்டிங் வெளிச்சம் பட்டால் கண்ணில் மணல் கொட்டியதுபோல் உறுத்தும். ஈரத்துணி போட்டு இருட்டில் படுத்தால் தெளிந்துவிடும்.

"நேத்து நீங்க பட்டறைக்கே போகலையே? அப்புறம் எப்படி அடிக்கும்?"

"நீ எத்தனை வருஷமா வெல்டிங் பண்றே?"

அவர் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தார். மறுநாளும் திரை விலகவில்லை. அதற்குமேல் அவள் அவரிடம் கேட்கவில்லை, ஆட்டோவைக் கூப்பிட்டாள்.

கண் டாக்டரம்மா கண்ணுக்குள்ளே விளக்கடித்து வெகுநேரம் பார்த்தார். "மெல்லும்போது தாடை வலிக்குதா ஐயா?"

"கண்ணைக் காட்ட வந்தா பல்லை விசாரிக்கிறீங்க!"

"வலிக்குது டாக்டர்" என்றாள் மனைவி. "பாதிச் சாப்பாட்டுல எழுந்துடறாரு. நெத்திப் பொட்டுல சீப்பு பட்டாலே கத்துறாரு. கேட்டா, எனக்கென்னங்கறாரு."

டாக்டர் நாற்காலியை அருகே இழுத்தார். "நோயை எதிர்க்க வேண்டிய சக்தி, உங்க ரத்தக் குழாயையே தாக்கி வீங்க வெச்சிருக்குன்னு நினைக்கிறேன். தாடையும் நெத்தியும் வலிக்கிறது அதனாலதான். அதுலதான் கண்ணுக்குப் போற குழாயும் அடைச்சிருக்கு. இந்தப் பார்வை திரும்பறது கஷ்டம். விட்டா அடுத்த கண்ணும் போயிடும். இப்பவே ஸ்டீராய்டு ஏத்தணும்."

"ஒரு கேட் பாதியில நிக்குது. முடிச்சுட்டு வந்துடறேன்."

மனைவி குனிந்து அவர் செருப்பை எடுத்துத் தன் பைக்குள் திணித்துக்கொண்டாள். "இப்ப போங்க பார்க்கலாம்."

யாருக்கும் கைகட்டி நிற்காத மனிதர், கையில் குழாயோடு கட்டிலில் கிடந்தார். இந்தப் பக்கம் மருந்து பாட்டில். அந்தப் பக்கம் பையை மடியில் வைத்த மனைவி. இடது கண்ணால் சுவரைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், திரும்பவும் சுவரைப் பார்த்தார்.

"கொஞ்சம் கண்ணை மூடித் தூங்குங்களேன்."

"மூடலாம். திறக்கறப்போ இது இருக்கும்னு நீ எழுதித் தருவியா?"

அவர் இமைக்காமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.