நின்ற இடத்திலேயே ஓடிய லாரி

ஒரு பழைய டீசல் லாரியில் கழுவித் துடைத்து மாட்டிய வால்வு பதினைந்தே நாளில் மறுபடியும் கரி அப்பிக்கொண்டு நிற்பது ஏன்? இந்தக் கதையை முதலில் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை. என்னை விடுங்கள், இருபத்தைந்து வருஷமாக டீசல் இஞ்சின்களைப் பிரித்து மாட்டிக்கொண்டிருக்கும் லுக்குட் ஊர் மெக்கானிக் யாக்கூப் பாய்க்கே தெரியவில்லை.

லாரியை ஓட்டுபவர் திருநாவுக்கரசு. வயது ஐம்பத்தெட்டு. மலேசியாவில், லுக்குட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு தோட்டத்தில் செம்பனைக் குலைகளை ஏற்றி எண்ணெய் மில்லுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவது அவர் வேலை. லாரிக்கு வயது பதினேழு. மூன்று மாதமாக அது ஏற்றத்தில் இழுக்க மறுத்தது, கரும்புகை கக்கியது, முன்பலகையில் மஞ்சள் விளக்கு அணையாமல் எரிந்தது. மில் வரிசையில் இன்னொரு லாரிக்காரனான குணாளன் அவரைச் சும்மா விடவில்லை. "அண்ணே, நீங்க வந்தா டெங்கிக்குப் புகை அடிக்கிற வண்டின்னு நினைச்சு ஜனங்க வீட்டுக் கதவைச் சாத்துறாங்க லா" என்பான். திருநாவுக்கரசும் சிரித்துவைப்பார்.

சிரிக்கும் விஷயமில்லை அது. ஆறு மாதத்துக்கொரு முறை நடக்கும் பரிசோதனையில் லாரி புகையால் தோற்று, மறுபரிசோதனையிலும் தோற்றிருந்தது. மூன்றாம் தடவையும் தோற்றால் பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாக, லாரிக்குச் சொந்தக்காரரான தவுக்கே, அதாவது சீன முதலாளி, சொல்லிவிட்டார். ஐம்பத்தெட்டு வயதுக்காரருக்கு யாரும் வேறு லாரி தரப்போவதில்லை. வேலை போனால் தோட்டத்து வீடும் போகும். அவர் மனைவி புஷ்பவள்ளி இரண்டு வருஷமாக, சிரம்பானை அடுத்த ராசாவில் மகள் மாதவி வீட்டில் பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அங்கே ஹாலில் ஒரு மெத்தை விரிக்க இடம் கிடைக்கும். ஆனால் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து எங்கே போவது?

வெளியே போகிற புகையில் ஒரு பங்கை மறுபடி இஞ்சினுக்கே திருப்பிவிட ஒரு வால்வு உண்டு. காற்று கெடாமல் இருக்க வைத்தது. அது மூடாமல் சிக்கிக்கொண்டால் இஞ்சினுக்கு மூச்சு முட்டும். யாக்கூப் அதைக் கழற்றி, மருந்தில் ஊறவைத்து, பிரஷ் போட்டுத் தேய்த்து மாட்டினார். பதினைந்து நாள் நன்றாக ஓடியது. பிறகு விளக்கு எரிந்தது. இரண்டாவது முறை வேறு வால்வு போட்டார். அதே பதினைந்து நாள். மூன்றாவது முறை காற்று வடிகட்டியை மாற்றினார், டீசல் பீய்ச்சும் நாசில்களைச் சோதித்தார், குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவிக் கசிவு இருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். ஒன்றுமில்லை. ஒரு தகட்டை வைத்து வழியையே அடைத்துவிடலாம் என்றான் குணாளன். யாக்கூப் ஒப்பவில்லை. அடைத்தாலும் விளக்கு எரியும், பரிசோதனையில் பிடித்துவிடுவார்கள், தப்பும்கூட என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

நான்காவது முறை வந்தபோது யாக்கூப் ஸ்பேனரைத் தொடவேயில்லை. ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்து, இஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் மீட்டரைப் பார்த்தார். போன தடவை அட்டையில் எழுதிவைத்ததோடு ஒப்பிட்டார். இரண்டு வாரத்தில் லாரி போன தூரத்துக்கு முப்பது மணி நேரம் தாராளம். மீட்டரோ நூற்றிருபது காட்டியது.

மில்லில் வரிசை நீளம் என்றார் திருநாவுக்கரசு. அது உண்மைதான். வரிசை நத்தைபோல் நகரும். நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யத் தாமதித்தால் பின்னால் இருப்பவர்கள் ஹார்ன் அடித்தே கொன்றுவிடுவார்கள். அதனால் ஒருவரும் இஞ்சினை நிறுத்துவதில்லை. யாக்கூப் அதற்கும் கணக்குப் போட்டார். அப்படியும் ஐம்பத்தைந்து மணி நேரம் மிச்சமிருந்தது.

"அண்ணே, மிச்ச நேரம் வண்டி எங்க நிக்குது?"

திருநாவுக்கரசு கரி படிந்த தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வீட்டு வாசல்ல. சாயந்திரம் வந்தா ஆஃப் பண்ண மாட்டேன்."

"ஏன்?"

"ஆஃப் பண்ணா லயத்துல ஒரு சத்தமும் இல்லை, பாய்."

தோட்டத் தொழிலாளர்களுக்காக ஒரே வரிசையில் கட்டிய அந்த லயத்தில் பதினெட்டு வீடுகள். நாலு மாதத்துக்கு முன் பக்கத்து வீட்டுக் குடும்பமும் கிளம்பிப் போக, பதினாறு பூட்டிக் கிடக்கின்றன. கடைசி வீட்டில் இரண்டு வங்காளதேசத்து இளைஞர்கள். வேலை முடிந்து வந்தால் காதில் இயர்போனைச் சொருகிக்கொண்டு ஊரோடு பேசுவார்கள். டிவி வாங்கிப் பார்த்தார், மனது ஒட்டவில்லை. இஞ்சின் உறுமினால் மட்டும் யாரோ வீட்டில் இருப்பதுபோல இருந்தது. அந்தச் சத்தத்தில் சமைத்தார், சாப்பிட்டார், துணி துவைத்தார். ஒன்பது மணிக்கு நிறுத்திவிட்டு உடனே படுத்துவிடுவார்.

யாக்கூப் கேலி செய்யவில்லை. நின்ற இடத்திலேயே ஓடும் இஞ்சின் போதுமான அளவு சூடாகாது, டீசல் சரியாக எரியாது, எரியாத கரிதான் வால்வில் போய் ஒட்டுகிறது என்று பொறுமையாக விளக்கினார். "மூணு மாசமா வண்டியையே கேட்டுக்கிட்டு இருந்தேன். உங்களை ஒரு வார்த்தை கேக்கலை பாருங்க" என்று தன்னையே நொந்துகொண்டார். வால்வை மறுபடி சுத்தம் செய்து மாட்டினார். இனி வண்டி நின்றால் இஞ்சினும் நிற்க வேண்டும், பாரம் ஏற்றிய வண்டியை மேட்டில் நன்றாக மிதித்து ஓட்ட வேண்டும் என்றார்.

அன்று சாயந்திரம் திருநாவுக்கரசு வாசலில் லாரியை நிறுத்திச் சாவியைத் திருப்பினார். சூடான இரும்பு கொஞ்ச நேரம் டிக் டிக்கென்றது. அதுவும் அடங்கிப்போனது. செம்பனை வரிசைகளுக்குள்ளிருந்து இருட்டு வந்துகொண்டிருந்தது. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்றே அவருக்குத் தெரியவில்லை. லாரியின் படியில் உட்கார்ந்து ராசாவில் இருக்கும் மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க, இன்னைக்கு வண்டி ஓட்டலையா?" என்றார் புஷ்பவள்ளி.

"வீட்டுலதான் இருக்கேன்."

"எப்பப் போன் பண்ணாலும் இஞ்சின் சத்தம் கேக்குமே. ஓட்டிக்கிட்டே பேசுறீங்க, எங்கயாச்சும் மோதிடப் போறீங்கன்னு பயந்துதான் சட்டுன்னு வச்சிருவேன்."

இத்தனை நாளும், அவளுக்குத் தன்னோடு பேச நேரமில்லை என்று நினைத்திருந்தார் அவர். அதைச் சொல்லவில்லை. பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் முளைத்ததை, மேல்வீட்டுக்காரர் தண்ணீர் ஒழுகவிட்டதை எல்லாம் அவள் சொன்னாள். இவர் "ம்" கொட்டினார். பதினோரு நிமிஷம். பிறகு பிள்ளை அழுதது, அவள் வைத்துவிட்டாள். அதற்குப்பின் வந்த அமைதி முன்னைவிடக் கனமாக இருந்தது. ஆனாலும் அவர் கை சாவிப் பக்கம் போகவில்லை.

மில் வரிசையிலும் நிறுத்திப் பழகினார். ஹார்னும் வசவும் வாங்கினார். மூன்றாவது வாரம் சிரம்பானில் பரிசோதனை நடந்தது. புகை அளவுக்குள் இருந்தது, விளக்கு எரியவில்லை, லாரி தேறிவிட்டது. தவுக்கே காகிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அடுத்த பரிசோதனை வரைக்கும் ஓட்டச் சொன்னார். ஆறு மாதம்.

திருநாவுக்கரசு இன்னும் அந்த லயத்தில்தான் இருக்கிறார். சாயந்திரம் ஏழு மணிக்குப் போன் போடுகிறார். சில நாள் அவள் எடுக்கிறாள், சில நாள் பிள்ளையைத் தூங்கவைத்துக்கொண்டிருக்கிறாள்.

வாசலில் வண்டியை ஓடவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கும் ஆள் யாராவது உங்களுக்குத் தெரிந்தால், இதை அவரிடம் சொல்லுங்கள். முடிந்தால் அவர் வீட்டாரிடமும் சொல்லுங்கள்.