கைப்பிடியில் நான்கு விரல்கள்

நேற்று மும்பை செம்பூரில் மின்சார ரயில் ஏறியதும், எதிரே நின்றவர் கையில் சானிடைசர் தேய்த்துக்கொண்டார். அந்த ஸ்பிரிட் வாசனையில் நான் குர்லாவில் இறங்க மறந்துவிட்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குத் தோல் வேலையில் பைத்தியம். வீடியோ பார்த்து பர்ஸ் தைப்பேன். அதைப் பற்றியே பேசி எல்லோரையும் அறுப்பேன். ஞாயிறானால் தாராவியில் நண்பன் காஜாவின் தோல் பட்டறையில் கிடப்பேன். அவனுக்கும் என் வயசுதான். அவன் தைப்பான், நான் அபிப்பிராயம் சொல்வேன்.

பூச்சு மட்டும் எனக்குக் கைவந்திருந்தது. தேன்மெழுகையும் எண்ணெயையும் உருக்கித் துணியால் தேய்த்தால், தண்ணீர் தோலில் ஒட்டாமல் உருண்டோடும். பார்க்கப் பார்க்க ஆசையாக இருக்கும்.

ஒரு மே மாதம் காஜா அவன் வாப்பாவின் சாப்பாட்டுப் பையைக் கொண்டுவந்தான். வாப்பா தவறி நாற்பது நாள் ஆகியிருந்தது. சாயம் போடாத தோலில் அவரே தைத்து, சீத்தா கேம்ப் வீட்டிலிருந்து பட்டறைக்குத் தினமும் தூக்கி வந்த பை.

“உம்மா இதையே எடுத்து எடுத்துப் பாத்துக்கிட்டிருக்கா மாப்ள. மழைல பூசணம் புடிச்சிரும். ஒரு கோட் அடிச்சுக் குடு.”

“பிந்தாஸ் இருலே, கவலப்படாத. புதுசு மாதிரி ஆக்கிருதேன்.”

ஆக்கினேன். அழுக்கின் மேல் பூச்சு அடிக்கக் கூடாது என்பது வீடியோப் பாடம். கைப்பிடியின் அடியில் கறுப்பாக நாலு திட்டு. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தேன், போகவில்லை. உப்புத்தாள் போட்டேன். மிச்சத்தை மறைக்க பிரவுன் சாயம், அதன்மேல் மெழுகு.

நானே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன், பாராட்டு வாங்க. உம்மா, “நல்லா மினுங்குதே” என்றார். பிறகு அவர் விரல்கள் கைப்பிடிக்கு அடியில் போய்த் தேடின. பையைத் திருப்பிப் பார்த்தார்.

“இங்க அவுக கை இருந்துச்சே தம்பி.”

வருஷக்கணக்காக வாப்பாவின் வியர்வை ஊறிய நாலு விரல் தடம். அதன்மேல் தன் விரல்களை வைத்துக்கொண்டுதான் அவர் உட்கார்ந்திருந்தாராம்.

“விடுலே, எனக்கே தெரியாது” என்றான் காஜா. திட்டியிருக்கலாம். அடுத்த ஞாயிறு டீ வாங்கித் தந்தான். இரண்டு பேரும் தெருவைப் பார்த்தபடி குடித்தோம். அப்புறம் நான் பட்டறைப் பக்கம் போகவில்லை.

போன மாதம் மாட்டுங்கா மார்க்கெட்டில் எதிர்ப்பட்டான். பையைப் பற்றி நான் கேட்கவில்லை. அவனே சொன்னான்.

“இன்னும் அப்படியே இருக்கு மாப்ள. உம்மா இப்பவும் புடிச்சிக்கிட்டுதான் இருக்கா.”

எத்தனை மழை போயிற்று. பூசணம் இல்லை, கறை இல்லை. அவ்வளவு நன்றாகப் பூசியிருக்கிறேன். உம்மாவின் விரல் தடம்கூட அதில் படியாது.