முகம் கழுவிய பஸ் நிறுத்தம்

கொச்கோர் சந்தைக்குப் பின்னால் போட்டோக் கடை வைத்திருக்கும் சாய்ராவிடம் படம் எடுத்துக்கொள்ளாத முகம் அந்த வட்டாரத்தில் இல்லை. பள்ளிக்கூட அட்டைக்கு, கடவுச்சீட்டுக்கு, கல்யாணத்துக்கு, கல்லறைக் கல்லில் பொறிப்பதற்கு என்று ஒரே ஆளுக்கு நாலு படம் எடுப்பாள். நாலாவது தடவை மட்டும் ஆளுக்குப் பதில் மகன் வருவான். வருகிற எல்லோருக்கும் அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "மொதல்ல போய் மொகத்தக் கழுவிட்டு வா." சந்தையில் தக்காளி விற்பவர்கள் அவள் குரலிலேயே அதைச் சொல்லிக் காட்டுவார்கள். கசாப்புக் கடைக்காரர் ஆட்டிடம்கூடச் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

ஊரில் எல்லோர் கையிலும் கேமரா வைத்த போன் வந்து, கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த நாளில்தான் அவளுக்குப் புதுப் பைத்தியம் பிடித்தது. ஒரு பொருளைச் சுற்றிச் சுற்றிப் படம் எடுத்து லேப்டாப்பில் போட்டால், அதிலிருக்கும் மென்பொருள் படங்களை ஒன்றோடொன்று கோத்து, எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கிற முழு உருவமாக்கித் தரும். முதலில், கரி போட்டுத் தேநீருக்கு வெந்நீர் காய்ச்சும் சமோவாரை எடுத்தாள். அதன் பளபளப்பில் மென்பொருளுக்குக் கண் கூசிவிட்டது போல, சமோவார் உருகிய மெழுகாக வந்தது. பிறகு ஒரு செம்மறியாட்டை எடுத்தாள். நடுவில் அது நகர்ந்துவிட்டதால் எட்டுக் காலோடு வந்தது. அதை அச்சடித்து, "இந்த இனக் குட்டிகள் கிடைக்கும்" என்று எழுதிக் கடைக் கண்ணாடியில் ஒட்டினாள். இரண்டு பேர் உண்மையாகவே விலை கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

சார்-புலாக் கிராமத்து முக்கிலிருக்கும் பஸ் நிறுத்தத்தை, சாலையை அகலப்படுத்த இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும் அவள் விளையாட்டு நின்றது. சோவியத் காலத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அதை ஊர் ஆண்கள் போடும் கல்பக் தொப்பி போலவே கட்டியிருந்தார். வெள்ளைக் கூம்பு, மடித்துவிட்ட கறுப்பு விளிம்பு, உள்ளே ஒரு பெஞ்சு. படிக்கிற காலத்தில் சாய்ரா அங்கேதான் பஸ்ஸுக்கு நிற்பாள். பின்னாளில் அவளைக் கட்டிக்கொண்ட எஷிமும் வருவான். அவனுக்கு எந்த ஊரிலும் எந்த வேலையும் இல்லை. இருந்தாலும் தினமும் வந்தான், அதுவும் பஸ் போன பிறகு மூச்சிரைக்க வந்தான். ஒரு நாள் அவளே பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள். அன்றைக்குத்தான் அவன் குச்சியைச் சாலைத் தாரில் தொட்டு உள்சுவரில் ஒரு குதிரை வரைந்து, கீழே இரண்டு பெயரும் எழுதினான். குதிரை என்று அவன் சொன்னதால்தான் அது குதிரை. பார்த்தவர்களுக்கு அது ஆடு.

இப்போது எஷிம் இல்லை. குதிரை இருந்தது. இடிப்பதற்குள் அதையும் பெஞ்சையும் சேர்த்து முழு உருவமாக எடுத்துவிட வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். சார்-புலாக்கில் இருக்கும் கொழுந்தன் ஓமுருக்குத் தகவல் சொல்லிவிட்டு, இடிப்பதற்கு முதல் நாள் காலையில் கேமராவோடு போய் இறங்கினாள்.

கறுப்பு விளிம்பைத் தவிர, நிறுத்தம் உரித்த முட்டை மாதிரி நின்றது. பக்கத்தில் ஓமுர், மூக்கிலும் புருவத்திலும் சுண்ணாம்போடு. அவன் பின்னால் பாதி ஊர், கையில் வாளியும் விளக்குமாறும்.

"அண்ணி, போட்டோவுக்கு மொகத்தக் கழுவி வச்சிருக்கோம்! உள்ள, வெளிய, எல்லாம்!"

சாய்ரா உள்ளே எட்டிப் பார்த்தாள், குதிரை இருந்த இடமும் வெள்ளை. இருந்தாலும் உள்ளேயும் வெளியேயும் சுற்றிவந்து எடுத்தாள்.

ஓமுர் வீட்டில் லேப்டாப்பைத் திறந்தாள். வெளிப்புறப் படங்கள், கறுப்பு விளிம்பைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக வட்டம் கட்டி நின்றன. உட்புறப் படங்கள்தான் அடம் பிடித்தன. ஒன்று வானத்தில் தொங்கியது, ஒன்று பூமிக்கடியில் போனது, மிச்சம் எங்கும் வரமாட்டோம் என்று உட்கார்ந்துகொண்டன. திரும்ப ஓடிப்போய் இன்னும் நெருக்கமாக எடுத்து வந்தாள். அதுவும் சரிப்படவில்லை. இந்தப் படத்தில் இருக்கும் இந்தப் புள்ளிதான் அந்தப் படத்திலும் என்று கையாலேயே குறித்துக் காட்டலாம் என்றால், குறிக்க ஒரு புள்ளி வேண்டுமே. எல்லாம் வெள்ளை.

"என்ன அண்ணி, பச்ச மொளகாயக் கடிச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க?"

"உன் தொப்பி தலைல உக்காரமாட்டேங்குது மீசை."

ஓமுருக்கு மீசை கிடையாது. வாழ வந்த வீட்டு ஆண்களின் பெயரைச் சொல்லக்கூடாது என்பதால் அவள் வைத்த பெயர் அது. எஷிம் கடைசிவரை "நம்மாளு"தான்.

"இதுக்கு மச்சம், தழும்புன்னு ஏதாச்சும் வேணும்யா. ரெண்டு படத்துலயும் ஒரே மச்சம் இருந்தாத்தான் அதே ஆளுன்னு கண்டுபிடிச்சுக் கோக்கும். நீங்க மச்சத்தையெல்லாம் அழிச்சுட்டீங்க."

"மொகத்தக் கழுவிட்டு வான்னு நீங்கதான சொல்வீங்க?"

"மனுசனுக்குச் சொன்னேன். செவுத்துக்கா சொன்னேன்?"

ஓமுர் தலையைக் குனிந்துகொண்டான். "அண்ணனோட குதிரைக்கு மட்டும் மூணு தடவ பூசினேன். தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. அசிங்கமா இருக்குமேன்னு..."

சாய்ரா அவன் கோப்பையில் தேநீரை விளிம்பு வரை ஊற்றினாள். அந்தப் பக்கத்தில் கோப்பையை நிரப்பினால் எழுந்து போ என்று அர்த்தம்.

"இது என் வீடு அண்ணி!"

"தெரியும். எந்திரி. சமோவார்ல இருக்கற கரியெல்லாம் அள்ளிக்க. ஊரக் கூப்பிடு. அந்தச் செவுத்துல யார் யாரு என்ன கிறுக்கினீங்களோ, அதே எடத்துல அதையே கிறுக்கணும்."

காலையில் விளக்குமாறோடு நின்றவர்கள் மத்தியானம் கரியோடு வந்தார்கள். முதலில் கூச்சம். பிறகு இடத்துக்குச் சண்டை.

"ஏய், இது என் எடம். நான் ராணுவத்துக்குப் போன தேதி இங்கதான் இருந்துச்சு!"

டிராக்டர் ஓட்டும் துர்துபெக் மட்டும் கரியை உருட்டிக்கொண்டு நின்றான். அவன் மனைவி விடவில்லை. "எழுதுய்யா. நீ எழுதின பேரு ஊருக்கே தெரியும், எனக்குத் தெரியாதா? அவ இப்ப மூணு பேரனோட நரின்ல இருக்கா." அவன் எழுதினான். கீழே தன் மனைவி பெயரையும், இரண்டு மடங்கு பெரிதாக.

சாய்ரா பெஞ்சுக்கு மேலே குதிரையை வரைந்தாள். பின்னால் நகர்ந்து பார்த்தாள். ஓமுரும் பார்த்தான்.

"தப்பு அண்ணி. குதிர மாதிரி இருக்கு."

"எனக்கு அவ்வளவு மோசமா வரைய வரல மீசை."

ஓமுர் கரியை வாங்கி, காலைக் குட்டையாக்கி, தாடையில் ஒரு தாடியும் வைத்தான். அச்சு அசல் எஷிமின் குதிரை.

"கீழ பேரு?"

"நீ எழுது. நான் சொன்னதே இல்ல."

"வாயாலதான சொல்லக்கூடாது. கையால எழுதலாம்ல?"

கரி இரண்டு தடவை உடைந்தது. மூன்றாவது துண்டில் எழுதி முடித்தாள்.

வெயில் சாய்வதற்குள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்து, பெஞ்சிலேயே லேப்டாப்பை வைத்துப் பொத்தானை அமுக்கினாள். ஊரே குனிந்து பார்த்தது. படங்கள் ஒவ்வொன்றாக வந்து தன் இடத்தில் நின்றன. உட்புறமும் வந்தது. துர்துபெக்கின் இரண்டு பெயரும் வந்தன.

மறுநாள் இயந்திரம் வந்து தொப்பியைக் கழற்றியது. சாய்ரா போகவில்லை. கடையில் உட்கார்ந்து திரையில் உருவத்தைத் திருப்பிக்கொண்டிருந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தால் எப்படித் தெரியுமோ அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள். தலைக்கு மேலே குதிரை. எதிரே வாசல். அதற்கு அப்பால் சாலையை அவள் படம் எடுக்கவே இல்லை, அதனால் அங்கே ஒன்றுமே இல்லை.

ஓமுர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். "இடிச்சுட்டாங்க அண்ணி." அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். "என்ன, பஸ்ஸு எதையும் காணோம்?"

"பஸ்ஸு போயிருச்சு," என்றாள் சாய்ரா. "நம்மாளு இனிமேதான் வருவாரு."