கோல்டன் கேட் பூங்காவில் சிதறிக் கிடக்கும் மடாலயம்

எங்கள் ஊர் நூலகத்தில் வருடாவருடம் புகைப்படக் கண்காட்சி நடக்கும். இரண்டு வருடமாக என் படங்கள் தேர்வாகாத வயிற்றெரிச்சலில் இருந்தேன். இந்த வருடத் தலைப்பு ‘இடிபாடுகள்’. ஐம்பது வருடக் கட்டடத்துக்கே பலகை வைத்துக் கொண்டாடும் கலிஃபோர்னியாவில் இடிபாட்டுக்கு எங்கே போவது? தேடியபோதுதான் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பூங்காவில் ஒரு ஸ்பானிய மடாலயத்தின் கற்கள் கிடப்பது தெரிந்தது. படம் அனுப்பக் கடைசி நாள் ஞாயிறு. சனிக்கிழமை காலை ஆறரைக்கு மில்பிடாஸிலிருந்து கிளம்பினோம்.

கணவர் செந்தில் இதற்கெல்லாம் டிரைவராக மட்டும் வருவார். லிவர்மோர் கோயிலுக்குப் போனாலும் பார்க்கிங்கோடு சரி, உள்ளே வர மாட்டார். சுமார் ஐம்பது மைல். போகும் வழியில் டோல் இல்லை. ஏழே முக்காலுக்குப் பூங்காவுக்குள் இருந்தோம். மூடுபனி மரங்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

கதை இதுதான். எண்ணூறு வருடப் பழைய மடாலயத்தை ஒரு பெரும் பணக்காரர் வாங்கி, கல் கல்லாகப் பிரித்துக் கப்பலில் கொண்டுவந்தார், தனக்கு மாளிகை கட்ட. கட்டவில்லை. கற்கள் இந்தப் பூங்காவில் வந்து கிடந்தன, சில நெருப்பிலும் வெந்தன. பின்னாளில் ஒரு பகுதியை வடக்கே துறவிகள் கொண்டுபோய்ச் சேர்த்துக் கட்டினார்கள். மிச்சம் இங்கேயே வரப்பும் ஓரச்சுவருமாகிவிட்டது.

நான் வளைவையும் தூணையும் எதிர்பார்த்து மரத்தோப்பில் முக்கால் மணி நேரம் அலைந்தேன். ஒன்றும் இல்லை. எடுத்த படமெல்லாம் வெறும் பாறை. செந்தில் ஒரு கல்லில் உட்கார்ந்து, பக்கத்துக் கல்லில் ஷூ காலை நீட்டி, பொடி இட்லியைப் பிரித்துவிட்டார்.

“இதுக்காடி லீவு நாள்ல இவ்ளோ தூரம் டிரைவ் பண்ணி வந்தோம்? நம்ம வீட்டுப் பக்கத்து மிஷன் பீக் மலையிலயே நிறைய கல்லு இருக்கு.”

நாயோடு வந்த ஒரு பெண்மணியிடம் வழி கேட்டேன். அவர் சங்கடமாகச் சிரித்து, செந்திலின் காலைக் காட்டினார். “அவர் கால் வைத்திருக்கிறாரே, அதுதான்.”

குனிந்து பார்த்தேன். பாசிக்கு அடியில் உளி போட்ட வரிகள், ஒரு வளைவின் விளிம்பு. எண்ணூறு வருடத்துக்கு முன் யாரோ பிரார்த்தனைக்காகச் செதுக்கியது.

செந்தில் சட்டென்று எழுந்தார். கல்லைத் தொட்டு விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். புத்தகத்தில் கால் பட்டால் நாம் செய்வோமே, அதேதான்.

“என்ன செய்கிறார்?” என்றார் அந்தப் பெண்மணி.

“கால் பட்டதற்கு மன்னிப்புக் கேட்கிறார்.”

அந்தக் கணத்தை நான் படமெடுக்கவில்லை. என் கையும் கல்லிலிருந்து கண்ணுக்குத்தான் போயிருந்தது. ஆனால் பனி படிந்த கல்லில் அவர் விரல்கள் நான்கும் இழுத்த ஈரத்தடம் அப்படியே இருந்தது. அதை எடுத்தேன்.

போகிறவர்களுக்கு: கற்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. பக்கத்துத் தாவரவியல் தோட்டத்திலும் சில உண்டு, அங்கே நுழைவுச்சீட்டு வேண்டும். ஒன்பதுக்குள் போனால் பார்க்கிங் கிடைக்கும், பனியும் இருக்கும். ஜாக்கெட் அவசியம். உட்காரும் முன் கல்லை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

படம் தேர்வாகிவிட்டது. திறப்பு நாளில் செந்தில் அதன் முன் வெகுநேரம் நின்றார். “என் விரல் தடம்னு யார்கிட்டயும் சொல்லிடாத” என்றார்.

சொல்லவில்லை. எழுத மட்டும்தான் செய்திருக்கிறேன்.