மேலுதட்டில் ஒட்டிய கரி

மாலெக்குலாத் தீவில், எங்கள் வெனாம் ஊரில், என் தங்கை மெரியனை ஏமாற்றியவர் எவரும் இல்லை. அவள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் பரிசமாகக் கோரைப்பல் சுருண்ட ஏழு பன்றிகள் கொண்டுவந்தார்கள். மணப்பெண்ணே முன்னால் வந்து ஒவ்வொன்றின் வாயையும் திறந்து பார்த்து, ஒன்றைத் திருப்பி அனுப்பினாள்.

இப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. நாக்கு நுனியை மேலுதட்டில் வைத்துச் சொல்லும் எங்கள் பழைய ஒலிகள் அவள் வாயில்தான் சுத்தமாக வரும். இளசுகள் பல்லிலேயே முடித்துவிடுகிறார்கள். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோர்வாக்காரர்கள் எப்போதுமே பல்லில்தான்.

போன ஜூனில் தலைநகர் வீலாவிலிருந்து செலினா டீச்சர் வந்தார். மொழிகளை இனம் பிரிப்பது அவர் வேலை. எங்களுடையது தனி மொழியா, தோர்வாப் பேச்சின் கிளையா என்று அவர் எழுதுவதை வைத்துத்தான் பள்ளிப் புத்தகம் அச்சாகும். கிளை என்று எழுதிவிட்டால் எங்கள் பிள்ளைகளுக்குத் தோர்வாப் புத்தகம்தான்.

நாக்கில் கரியும் எண்ணெயும் தடவிக்கொண்டு சொல்லைச் சொல்ல வேண்டும். கரி எங்கே ஒட்டுகிறதோ அந்த இடத்தைப் படம் எடுப்பார். பிறகு பஞ்சால் துடைப்பார். எச்சில் பட்ட பஞ்சு! கடித்த கிழங்கின் தோலைக்கூட நாங்கள் வெளியாள் கையில் விடமாட்டோம். சூனியக்காரனிடம் போனால் உயிர் போய்விடும்.

முதல் நாள் மெரியனை வைத்து ஒத்திகை. பன்னிரண்டு பஞ்சு எடுத்தார். முடிந்ததும் எண்ணினேன். பதினொன்றுதான் இருந்தது.

"டீச்சர், ஒண்ணு குறையுதே."

"காத்துல போயிருக்கும்ணே, விடுங்க."

"இலைகூட அசையல. பையைக் கொட்டுங்க."

கொட்டினார். இல்லை. "உங்க தங்கச்சி எச்சிலை வச்சு நான் என்ன கிழங்கு லாப்லாப்பா சுடப்போறேன்?" என்று முகம் சிவந்தார். மிச்சப் பஞ்சையும் என்னிடமே தள்ளினார். "எல்லாத்தையும் நீங்களே எரிச்சுடுங்க."

மெரியன் சட்டைக் கைக்குள்ளிருந்து பன்னிரண்டாவதை எடுத்தாள்.

"நான்தான் ஒளிச்சு வச்சேன். இவளுக்கு அது வேணும்னா முதல்ல இவதானே தேடியிருப்பா? தேடினது நீ மட்டும்தான்ணே."

"அப்ப நான்தான் சூனியக்காரனா?"

"மூஞ்சி அப்படித்தான் இருக்கு."

பஞ்சு முழுவதையும் அவளே நெருப்பில் போட்டாள். பிறகு டீச்சர் முன்னால் உட்கார்ந்து நாக்கை நீட்டினாள்.

படத்தில் கரி மேலுதட்டில் அப்பியிருந்தது. டீச்சர் முன்பே எடுத்திருந்த தோர்வாக்காரர் படத்தில் பல்லில் இருந்தது. ஒரே ஒலியை வைத்து முடிவு சொல்ல முடியாது என்று செலினா நூற்றுக்கணக்கான சொற்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். ஐந்தாம் நாள் சொன்னார்: "ரெண்டு பேச்சும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கதான். ஆனா உங்களுது தனி மொழி."

வாய்ச்சொல் எனக்குப் போதவில்லை. படகு ஏறுமுன் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னேன். போட்டார். மூன்று முறை படித்தேன். மெரியன் தாளை என்னிடமிருந்து பிடுங்கி, பின்பக்கத்தையும் திருப்பிப் பார்த்தாள்.