பூண்டு போடாத தத்துவஞானி

பழனியில் மொட்டை போட்டுவிட்டு இன்று கொடைக்கானல் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன்.

பக்கத்து சீட்டில் தலையணை தடிமனுக்குப் புத்தகம் வைத்திருந்த சென்னைக்காரர் என் சந்தனத் தலையைப் பார்த்தார்.

“சாமியே இல்லைன்னு இந்த ஜெர்மன் தத்துவஞானி அன்னைக்கே எழுதிட்டார் சார். என்னா மூளை.”

“அவரு காட்டுல பூண்டு போட்டிருக்காராங்க?” என்றேன்.

அவர் சிரித்தார்.

கோயிலில் வெள்ளையும் சிவப்புமாகப் பூக்கட்டிப் பார்த்து, வெள்ளைப் பூ வந்ததால் சாமி சம்மதம் என்று நான் போட்ட பூண்டு, இந்த மூன்றாவது வருஷமும் மண்ணுக்குள்ளேயே அழுகிக் கிடக்கிறது.

இந்தத் தத்துவஞானிகளை ரொம்பத்தான் தூக்கி வைத்திருக்கிறார்கள். சாமி இல்லையென்று எழுதிவிட்டு நிம்மதியாகப் படுத்துவிடலாம். இருக்கிறார் என்று நம்பிக்கொண்டு அந்த அழுகின காட்டைப் பார்ப்பதுதான் கஷ்டம்.

அடுத்த வாரம் மறுபடி பூக் கேட்கணும். சிவப்பு வந்தால் பரவாயில்லை, பூண்டு போடாமல் விட்டுவிடலாம்.

வெள்ளை வந்தால் என்ன செய்ய? யாராவது சொல்லுங்கள்.