கச்சேரிக்குக் கூட்டிப்போகிறவர்

வெள்ளிக்கிழமை மாலை பரீனாவும் அவள் வாப்பா முகைதீன்பாவாவும் கிணற்று மோட்டரின் வாஷரை மாற்றினார்கள்.

"வாப்பா, லைட்ட மோட்டருக்குப் பிடிங்க. என்ட முகத்துக்கு இல்ல."

"உன்ட முகத்தப் பாத்தாத்தான் வேல முடியுமா இல்லியா எண்டு விளங்கும்."

தண்ணீர் வந்தது. மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, தேநீரைக் கையில் வைத்தபடியே வாப்பா கதிரையில் மௌத்தாகிவிட்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் அடக்கியும் விட்டார்கள். பரீனா நீர் வழங்கல் பொறியியல் படித்தவள். நின்றுபோன எதையும் கழற்றினால் காரணம் கிடைக்கும் என்று நம்பியவள். இதில் கழற்ற ஒன்றும் இல்லை.

முகைதீன்பாவா இளமையில் சிங்கள ஊர்களுக்குச் சைக்கிளில் உடுக்கும் சாரம் கொண்டுபோய் விற்றவர். அந்தச் சிங்களம்தான் பிறகு ஊருக்கு உதவியது. கல்முனையில் முஸ்லிம்களுக்கு ஒரு பிரதேச செயலகம், தமிழர்களுக்கு இன்னொன்று. யார் எதற்குப் போவது என்று சந்தியில் நின்று அவர் அனுப்பிவைப்பார். அங்கே தீராதது மாவட்டச் செயலகமான அம்பாறைக் கச்சேரிக்குப் போகும்; அங்கே எல்லாம் சிங்களத்தில்தான். கச்சேரிக்கு அவரே கூட வருவார். உத்தியோகத்தரிடமும் சாரம் விற்பவர் போலத்தான் கதைப்பார்: முதலில் அவர் ஊரைக் கேட்பார், பிறகு பிள்ளைகளை, வந்த காணி விசயம் கடைசியில்.

ஞாயிறு காலை, முகைதீன்பாவாவை அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் அன்னப்பிள்ளை வந்தாள். கடலுக்குப் போன புருஷனை இழந்தவள். காரைதீவில் மகள் வீட்டில் நின்றதால் அவளுக்கு ஒன்றும் தெரியாது.

"காக்கா எங்க? நாளைக்குக் கச்சேரியில விசாரணை."

"வாப்பா மௌத்தாகிட்டாரு. நேத்து."

"விளையாடாத மகள். நாளைக்கு வாறன் எண்டு அவர்தானே சொன்னவர்."

பரீனா வாப்பாவின் வெறும் கதிரையைக் காட்டினாள். அன்னப்பிள்ளை நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு விசயத்தைச் சொன்னாள். புருஷனின் பெயரிலிருந்த காணியை அவன் தம்பி கேட்கிறான். நாளைக்கு அவள் பக்கக் கதையைச் சொல்ல ஆளில்லாவிட்டால் காணி அவனுக்குத்தான்.

"அவன் ஆமிக்காரரோட கதைச்சுக் கதைச்சு நல்லாச் சிங்களம் பழகினவன். நான் ஊமை மாதிரி நிப்பன்."

"நான் வாறன்."

"உனக்குச் சிங்களம் வருமா?"

"விலை கேக்க வரும்."

அன்னப்பிள்ளை சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"அங்க என்ன சொல்லணும் எண்டு வாப்பா உங்களுக்குச் சொல்லித் தந்தாரா?" என்று பரீனா கேட்டாள்.

"இல்ல மகள். பஸ்ஸில போகேக்க சொல்றன் எண்டவர்."